இடது சிவப்பு, வலது பச்சை

நாகலூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து மலையிறங்கி, சேலத்தில் ரயிலேற வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு என் மாமா போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கப்பலிடம் போய்விடுவார். செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பிளாஸ்டிக் அட்டையை பிளேடால் கீறி, நிஜக் கப்பலில் இருப்பதையெல்லாம் முழங்கை நீளத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுவார். பீரங்கிக் குழாய்க்கு ஆஸ்பத்திரி ஊசி. கைப்பிடிக் கம்பிக்குப் பழைய மோட்டாரில் உருவிய செம்புக் கம்பி. நகம் அளவு ஏணி ஒன்றை எத்தனையோ தடவை பிய்த்துத் திரும்ப ஒட்டினார். ஏரியில் விடுவீங்களா என்று கேட்டால், "மெதக்கறதுக்கில்ல சாமி, பாக்கறதுக்கு" என்பார்.

அந்தக் கப்பலில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. பெயின்ட் எடுத்துக் கொடுக்கும் பதவி. மாமா பெயின்ட்டை மாத்திரை டப்பாக்களில் ஊற்றி வைத்திருப்பார். "இதுல செவப்பு எது கண்ணு?" என்பார். எடுத்துக் கொடுப்பேன். "பச்ச?" அதையும் கொடுப்பேன். எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லாததால் கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

வீட்டில் மாமாவுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. நேவியில் சேரப் போனவர், "சாப்பாடு புடிக்கல, வந்துட்டேன்" என்று பெட்டியோடு திரும்பிவிட்டார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பாவுக்கு அது தீராத விருந்து. என்றைக்காவது சோறு குழைந்துபோனால், "மாப்ளைக்கு இது ஆவாது, அவரு நேவிச் சோத்தையே வேண்டாம்னவரு" என்பார். போதாததற்குக் காப்பி வேறு. வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கும் கொஞ்சம் செடிகள் இருந்தன. சிவந்து பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். மாமா ஒருமுறை காயும் பழமுமாக உருவிக்கொண்டு வந்து நின்றார். "கண்ண எங்கடா வெச்சிருந்த?" என்று அம்மா கத்தித் தீர்த்தாள். அதற்குப் பிறகு பழம் பறிக்கும் நாளில் அவருக்கு எப்படியாவது ஒரு வேலை வந்துவிடும். சுத்தச் சோம்பேறி என்று பெயரும் வந்துவிட்டது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கடலில் உண்மையாகவே போய்வந்த ஒருவர் அந்தக் கப்பலைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எஸ்டேட்டுக்கு அடுத்த பங்களாவில் கப்பற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் குடியிருந்தார். ஊரே அவரை கேப்டன் என்றுதான் கூப்பிடும். என்ன கேலி செய்தாலும், அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தது அப்பாதான். கேப்டனும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க மாமா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பாக்கி இருந்தது இரண்டு விளக்குகள்தான். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இருட்டில் எதிரே வருகிற கப்பலுக்கு இது எந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரிவதற்காக. மாமா எனக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வாரம் மூடுபனி விலகவே இல்லை. பெயின்ட் அடித்தால் காயாது என்று தள்ளிக்கொண்டே போனார். ஞாயிறு காலையில் நல்ல வெயில் அடித்தது. என்னையோ அம்மா குப்பனூரில் ஒரு காதுகுத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் திரும்பி வரும்போது கேப்டன் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்பலருகே குனிந்தார். "இது ஊசியா? அடேயப்பா!" என்றார். ஏணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாமா மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம். கேப்டனின் விரல் நகர்ந்து நகர்ந்து விளக்குகளுக்கு வந்து நின்றது.

"தம்பி, இது ரெண்டும் மாறிப்போச்சே."

எனக்குப் பொறுக்குமா? நான் இல்லாத நேரத்தில் என் இலாகாவில் கை வைத்தால் வேறென்ன ஆகும்! "நான் ஊர்ல இல்லீங்க. எப்பவும் செவப்பு எது, பச்ச எதுன்னு மாமாவுக்கு நாந்தான் எடுத்துக் குடுப்பேன். அவரா எடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்தினார். "இருங்க மாப்ள. அன்னிக்குக் காப்பிப் பழத்துலயும் நீங்க…"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கை கப்பலை நிறுத்தியிருந்த பலகையைப் பிடித்திருந்தது. கேப்டன் அவரை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரைட்டர், தப்பு என்னோடது. நான் கப்பலுக்கு எதிர்ல நின்னு பாத்துட்டேன். எதிர்ல நின்னா இடது வலதாத் தெரியும். தம்பி சரியாத்தான் வெச்சிருக்காரு."

"அதான பாத்தேன், நொம்பக் கவனமான ஆளாச்சே!" என்றார் அப்பா, என்னவோ மாமாவை வளர்த்து ஆளாக்கியதே தான்தான் என்பதுபோல.

"இல்லீங்க, தப்புத்தானுங்க!" என்று நான் கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்கு வலித்தது.

கேப்டனை வழியனுப்ப மாமா போனபோது, நியாயம் கேட்கிற எண்ணத்தோடு நானும் பின்னால் போனேன். கேட் பக்கத்தில் அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார். "கண் டெஸ்ட்ல திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"ஆமாங்க."

"வீட்டுல சொல்லலையா?"

"இல்லீங்க."

"நல்லாக் கட்டியிருக்கீங்க தம்பி. ஏறிப் போயிடலாம் போல இருக்கு." இதைச் சொன்ன பிறகும் அவர் கையை விடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா கண்ணாடிகூடப் போடாதவர். அவர் கண்ணுக்கு என்ன?

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் வெயில் இருந்தது. மாமா என்னைக் கூப்பிட்டார். "செவப்பு எது கண்ணு?" கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு எடுத்துக் கொடுத்தேன். இடப்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். பச்சையைக் கொடுத்தேன். வலப்பக்கம் ஒரு பொட்டு. எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கேப்டன்மேல் எனக்கிருந்த கோபம் ஆறவில்லை.

"ஏனுங்க மாமா, எடது எது, வலது எதுன்னுகூடத் தெரியல. அவரப் போயி நேவில எப்படிங்க எடுத்தாங்க?"

மாமா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு, "இத அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாத சாமி" என்றார்.

இவ்வளவு நல்ல ஜோக்கை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்கிறாரே என்று எனக்கு ஒரே வருத்தமாகப் போய்விட்டது.