ஒன்றரைச் சுற்று குறைந்த கார்

போன வாரம் குளுவாங் பட்டணத்தில் டயர் மாற்றப் போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பட்டறையில் யாரோ கிரைண்டரால் இரும்பை அறுத்தார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு இடுப்பு வலித்தது. சிரிக்காதீர்கள். சில வாடைகள் பசியைக் கிளப்பும். எனக்கு இந்த வாடை இடுப்பைப் பிடிக்கும்.

இருபத்திரண்டு வயதில் என்னிடம் மூன்றாம் கை கார் ஒன்று இருந்தது. காரைத் தரையோடு பதித்து ஓட்டுபவன்தான் ஆண்பிள்ளை என்று எங்கள் தொழிற்சாலையில் அப்போது ஓர் எண்ணம். அதற்கென்றே விற்கும் குட்டை ஸ்பிரிங் வாங்க வசதியில்லை. காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்த நண்பன் சேகர், "எதுக்குடா புதுசு? இருக்கிறத வெட்டிருவோம்லா" என்றான். அவன் வீட்டு வாசலிலேயே நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று வெட்டினோம். இடது பின்பக்கம் மட்டும் கை தவறி இரண்டு. அன்று முதல் கார் யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்பதுபோலச் சாய்ந்தே நின்றது. குழிக்குக் குழி இடுப்பு உடைந்தாலும் நான் அதை ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் அதே வீட்டுக் கல்யாணம். சேகரின் அக்கா சாந்திக்கு. மாப்பிள்ளை அக்காவே விரும்பித் தேர்ந்தெடுத்தவர். அவர்களின் அப்பா, செம்பனை லோரி ஓட்டியவர், எனக்கு மாமா முறை. சம்மதம் சொல்லிவிட்டார், ஆனால் சொன்ன நாளிலிருந்து மகளோடு பேசவில்லை. மூன்று மாதம். "சோறு போடவான்னு கேட்டாக்கூட சுவத்தப் பாத்துத்தான் தலையாட்டறாருடா" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்.

கல்யாணத்தன்று காலை, பெண்ணுக்கு ஏற்பாடு செய்திருந்த கார் வழியில் நின்றுவிட்டது. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வேன் கோயிலுக்குப் போய்விட்டது. மிஞ்சியது என் சாய்ந்த கார். கோயில் இருந்தது தோட்டத்து நுழைவாயிலில். நடுவில் ஆறு வேகத்தடைகள். எங்கள் பேச்சில் பம்பு. பிள்ளைகள் விளையாடும் லயத்து வரிசைவீடுகளின் பாதையில் லோரிகள் பறக்கின்றன என்று மானேஜரோடு சண்டைபோட்டு அவற்றைப் போட வைத்தவரே மாமாதான். நல்ல உயரமாகவும் போட வைத்திருந்தார்.

மாமா முன்னால், அக்கா பின்னால். முதல் பம்பிலேயே காரின் வயிறு தட்டி நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு அரை மணிதான். அது தவறினால் தோட்டம் முழுக்க யார் பெயரைச் சொல்லும் என்று எனக்குத் தெரியும். கியரைப் பிடிக்கிற பதற்றத்தில் வைப்பரைப் போட்டுவிட்டேன். வெயிலில் அது கிறீச் கிறீச் என்று ஆடியது.

"அலமாக், இது காரா, நாலு சக்கரம் வச்ச கட்டிலா?" என்றார் அக்கா.

"மாமா, கொஞ்சம் எறங்கினீங்கன்னா ஏறிரும்" என்றேன்.

மாமா இறங்கினார். பின்கதவைத் திறந்து மகளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார், வேறெங்கோ பார்த்தபடி. ஆள் இறங்கியதும் கார் ஒருவழியாக உராய்ந்து தாண்டியது. நடந்து வந்து ஏறினார்கள். இரண்டாவது பம்பிலும் அதே கதை. மூன்றாவதில் பட்டுச்சேலை புழுதியில் பட, மாமா குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான்காவதில், "பாத்து" என்றார். ஒரே சொல். அக்கா நின்றுவிட்டார். கண்ணாடியில் பார்த்த நான் பார்க்காத மாதிரி வைப்பரை நிறுத்தினேன்.

ஐந்தாவதைத் தாண்டிக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். இருவரும் ஏறவில்லை. பேசிக்கொண்டே காரைக் கடந்து போனார்கள். நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது; மலிவாக மாற்றிய என் காரின் புகைக்குழாய் அப்படிக் கத்தியது. தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது.

மாமா இப்போது இல்லை. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து அங்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இல்லாத பாதையில் பம்பு எதற்கு என்று பெயர்த்தெடுத்து, நல்ல தார் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் அந்த வழியாகப் போனேன். வீடு இருந்த இடத்திலிருந்து கோயில்வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.