முன் டயரும் பின் டயரும்

எங்கள் கார் என்னையும் என் கணவரையும் விட வயதில் மூத்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். திருப்போரூரில் பெயின்ட் அடித்துத் திரும்பி வந்த பிறகு அது மாறியது. "நீயே ஓட்டேன்" என்று சாவியை என்னிடம் நீட்ட ஆரம்பித்தார். எனக்கு ஒரே சந்தோஷம்.

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகும் சாலையில், லேசான தூறலில், ஒரு வளைவில் அந்தச் சந்தோஷம் போனது. நான் திருப்பியதற்கு மேல் வண்டி திரும்பியது. முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்பக்கம் மட்டும் தனியாக வெளியே ஒதுங்கி, சாலையோரப் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. எதிரே எதுவும் வராததால் பிழைத்தோம்.

"மெதுவாத்தானே வந்தேன்?" என்றேன்.

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

என் சந்தேகம் முழுக்கப் பெயின்ட் கடைக்காரர் மேல் போனது. வண்டி அவர் கடையில் பல நாள் நின்றது. யாரோ எடுத்துப் போய் எங்கேயோ இடித்து, தட்டி நிமிர்த்தி, மேலே பெயின்டைப் பூசிவிட்டார்கள் என்று நினைத்தேன். மட்கார்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஃபோன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். "பாலிஷ் போட்டுத் தர்றேன், வண்டிய எட்துகினு வாங்க" என்று அவர் ஃபோன் செய்தபோது, இவர் எதற்குத் தானாகக் கூப்பிடுகிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தியதும் கணவர் இளநீர் வாங்கப் போனார். நான் குனிந்து டயர்களில் இருந்த சேற்றைத் துடைத்தேன். முன் டயர்களில் அளவு எண்களுக்கு நடுவே ஆர் என்ற எழுத்து இருந்தது. பின் டயர்களில் இல்லை. ஃபோனில் தேடிப் படித்தேன். முன்னால் இருந்தது ரேடியல், பின்னால் பழைய நைலான் வகை. வளைவில் ரேடியல் சாலையை விடாமல் பிடிக்கும், நைலான் அதற்கு முன்பே நழுவும். இரண்டையும் இப்படிக் கலந்தால் பின்பக்கம் வீசும். முன் சக்கரங்களில் டயரைத் தாங்கும் இரும்பு டிஸ்க்கும் பின்னால் இருந்ததைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகத் தெரிந்தது. சக்கரத்தை மூடிய பளபளத்த வீல் கப் இத்தனை நாள் அதை மறைத்திருந்தது.

கணவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாற்றியது பெயின்ட் கடைக்காரர்தான் என்று முடிவு செய்து, மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளி விட்டதும் பஸ் பிடித்துத் திருப்போரூர் போனேன்.

"எங்க பழைய டிஸ்க்கை என்ன பண்ணீங்க?"

கடைக்காரர் முழித்தார். "நா இன்னாத்துக்குக்கா அத்த எட்க்கப் போறேன்? வண்டி இங்க வர்றப்பவே இந்த டயருதான். அண்ணாத்தயே மாத்திக்கினு வந்தாரு. வேணும்னா அவரயே கேளு."

வீட்டுக்கு வந்து கேட்டேன். கணவர் முதலில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ரேடியல் ரெண்டுதான் கிடைச்சுது. அகல டிஸ்க்கோட பார்க்க நல்லாயிருந்துச்சு. பின்னால அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். கடையிலேர்ந்து எடுத்துட்டு வர்றப்ப வளைவுல பின்னால வீசுச்சு. எனக்குத்தான் கை சரியில்லையோன்னு தோணுச்சு."

"அதனால என்னை ஓட்டச் சொன்னீங்களா?"

"உனக்கும் வீசுதான்னு பார்க்க…" என்று இழுத்தார்.

"வீசினதும் சொல்ல வேண்டியதுதானே?"

கார் சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தேன்.

பழைய டிஸ்க்குகள் மாடியில் சாக்குக்குள் இருந்தன. அவற்றையே திரும்ப மாட்டி, நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகை நைலான் டயர் போட்டோம். பழைய வண்டி என்பதால் நிறுத்தும்போது ஸ்டியரிங் இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அதே வளைவில், அதே வேகத்தில் வண்டி முழுசாக ஒன்றாகத் திரும்பியது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பாலிஷும் போட்டுக்கொண்டோம்.

திரும்பும் வழியில், "இனிமே எதா இருந்தாலும் சொல்லிடறேன்" என்றார் கணவர். எதிரே ஒரு வளைவு வந்தது; பின்பக்கம் வீசுகிறதா என்று பார்த்தபடியே திருப்பினேன்.