ஒரு போர்வைக்கு இரண்டு ஹாக்கா

ஓபோட்டிக்கி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே ஆறு வருடம் படித்து, நாற்பத்தேழு வயதில் செவிலியர் பட்டம் வாங்கப் பல்கலைக்கழக மேடையருகே நின்றாள் வைமாரி. தோளில் குடும்பத்தின் மாவோரி இறகுப் போர்வை. அவளுக்கு முன்னால் நின்ற ஃபிஜிப் பெண் லிட்டியாவுக்கோ கைதட்டக்கூட நாதியில்லை. வைமாரிக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தா, போட்டுக்கிட்டுப் போ. இறங்கினதும் குடு."

லிட்டியா மேடையேறினாள். கடைசி வரிசையில் இருந்த வைமாரியின் தம்பிகளுக்கு முகம் தெரியவில்லை, போர்வை தெரிந்தது. அக்காதான் என்று பதினோரு பேர் எழுந்து, தொடையில் அறைந்து, பெருமை செய்யும் மாவோரி ஆட்டமான ஹாக்காவை முழங்கத் தொடங்கிவிட்டார்கள். பாதியில்தான் பெரிய தம்பி தாமத்தி ஆள் மாறியதைக் கண்டான். தொடங்கிய ஹாக்காவை நிறுத்துகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இன்னும் ஓங்கி முழங்கினான். தரை அதிர்ந்தது. லிட்டியா அசையாமல் நின்று அழுதாள். வைமாரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறந்தது முதல் பார்த்த ஹாக்காதான். அது ஒரு மனுஷியை இவ்வளவு உயரத்தில் தூக்கி நிறுத்தும் என்று இன்றுதான் பார்த்தாள்.

அடுத்து வைமாரியின் பெயர். லிட்டியா ஓடிவந்து போர்வையைப் போர்த்திவிட்டாள்.

"அக்கா!" தொண்டை கட்டிப்போய்க் கத்தினான் தாமத்தி. "இப்ப நீதானே? வேற யாருக்கும் குடுக்கலையே?"

அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் இரண்டாவது ஹாக்காவின் முதல் அடி விழுந்தது. பன்னிரண்டாவது ஆளாக, அடவு தெரியாமல், லிட்டியாவும் தொடையில் அறைந்துகொண்டிருந்தாள்.