பவுண் வாங்கப் போய் வெண்கலக் காசோடு திரும்பினோம்

1998 தை மாதம். தம்பியின் கலியாணம் நெருங்கிவிட்டது. எங்கள் வழக்கப்படி முதலில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு: பவுண் எனப்படும் தங்கக் காசு ஒன்றை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். வெளிநாட்டில் இருந்த எங்களிடம் வர விசா கிடைக்காமல் கொழும்பிலேயே நின்றுவிட்ட அப்பா, தெரிந்த ஒருவரிடம் தன் பவுண் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை உருக்க விடமாட்டேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

"அப்பாவெண்டு வந்தது உது ஒண்டுதான் அக்கா. வேற பவுண் வாங்கி உருக்குவம்."

"உனக்கென்ன விசரே? அந்தாள் ஆசையா அனுப்பினது."

கேட்டால்தானே! அவனுக்குப் பழங்காசுப் பைத்தியம் வேறு. நகைக்கடைகளை விட்டுவிட்டு, டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் நடந்த காசுக் கண்காட்சிக்கே போவோம் என்றான். பொன்னுருக்கு திங்கட்கிழமை, கண்காட்சி சனிக்கிழமை. எப்படியாவது மனதை மாற்றலாம் என்று நானும் கூடப் போனேன்.

நாங்கள் இருந்த ரெக்ஸ்டேலில் காலை ஒன்பது மணிக்கு பஸ். அதற்குக் குளிரில் காத்து நின்றபோது காது இன்னும் இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன். கிப்ளிங்கில் சப்வே, சென் ஜோர்ஜில் மாறி யூனியன் ஸ்டேசன். சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு இரண்டு டொலர். கண்காட்சி நுழைவு ஐந்து டொலர்.

ஒரு வெள்ளைத்தாடி வியாபாரியிடம் பவுண் இருந்தது. அவர் எடுத்து வருவதற்குள் தம்பி வெண்கலக் காசுத் தட்டொன்றில் கவிழ்ந்துவிட்டான். நகத்தளவுக் காசுகள். ரோமச் சக்கரவர்த்தியின் முகம் பாலர் வகுப்புப் பிள்ளை கீறியதுபோல் இருந்தது. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

"ரோமிலிருந்து சில்லறை போதியளவு வரவில்லை," என்றார் வியாபாரி. "பேரரசின் ஓரத்தில் இருந்த கெல்ட்டிக் மக்கள் ரோமக் காசைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள். சக்கரவர்த்தியை அவர்கள் கண்டதேயில்லை. ஆனாலும் அந்தக் காசு சந்தையில் செல்லுபடியானது."

பவுண் எதற்கு என்று கேட்டார். உருக்கத்தான் என்றேன். பழங்காசை உருக்குவதா என்று மனிதர் பவுணைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "இந்த வெண்கலத்தை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் பழைய ரோமக் காசுகளை உருக்கித்தான்," என்றவர், தான் சொன்னது தனக்கே விளங்க, வாய்விட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பவுண் வேண்டாம் என்று சொல்லி, பன்னிரண்டு டொலருக்கு அந்த அசட்டு முகங்களில் ஒன்றை வாங்கினான்.

திரும்பும்போது சப்வேயில்தான் வாய் திறந்தான். "அப்பா என்ன, பெட்டியில வைக்கவே அனுப்பினவர்? தாலிக்கெல்லே அனுப்பினவர்." எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. சனம் பார்க்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியான கண்காட்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் சாப்பாடும் கொண்டுபோங்கள். ஹோட்டல் சான்ட்விச் யானை விலை. எதற்கு வாங்குகிறீர்கள் என்று மட்டும் வியாபாரியிடம் சொல்லாதீர்கள்.

திங்கள் காலை, நகை செய்யும் பத்தரின் கையில் தம்பியே அப்பாவின் பவுணை வைத்தான். அது சிவந்து, இளகி, முகமும் எழுத்தும் போய் ஒரு துளியானது. உடனே ஃபோன் கார்டில் கொழும்புக்கு எடுத்தோம்.

"உருகீட்டுதோ ராசா?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"அப்ப நானும் கலியாணத்துக்கு வந்திட்டன்."