படிச்ச மலையின் நிறுவை

"என்னடி, மூணு தரம் ஒரம் தின்னுட்டு இம்புட்டுத்தானா? ஒனக்குப் பதிலா மொளகாச்செடி வச்சிருக்கலாம்." தேயிலைச் செடியைத் திட்டிக்கொண்டே காளியாயி கொழுந்து எடுக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. திட்டுவதற்குச் செடி அலுத்துப்போனால் மழையைத் திட்டுவாள். மழையும் விட்டுவிட்டால் இருக்கவே இருக்கிறார் ஆராய்ச்சி ஐயா விஜிதரன். அவர் காதுபடத்தான் திட்டுவாள்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே, நான்கு துண்டாகப் பிரித்த தேயிலை மலை அது. மூன்று துண்டுக்கு மூன்று விதமான உரம். நான்காவதற்கு ஒன்றும் கிடையாது, சும்மா பட்டினி. எந்தத் துண்டு எத்தனை கிலோ கொழுந்து தருகிறது என்று தனித்தனியாக நிறுத்து எழுதுவதுதான் ஆராய்ச்சி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதற்குப் 'படிச்ச மல' என்று பெயர். துண்டுக்கு ஒருத்தியாக நான்கு பெண்கள். காளியாயி அவர்களுக்குத் தலைவி, யாரும் நியமிக்காத தலைவி. பட்டினித் துண்டு கைக்குழந்தைக்காரி நிலக்ஷிக்கு விழுந்திருந்தது.

விஜிதரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறவர். செடிக்குச் செடி நம்பர் அட்டை கட்டியவரும் அவரே. "செடிக்கு ஒரே நாள்ல அடையாள அட்ட. எங்க பாட்டன் பூட்டனுக்கு எத்தன வருசம் இழுத்தடிச்சானுங்க" என்பாள் காளியாயி. அவர் குனிந்து அடுத்த செடியின் அட்டையைச் சரிசெய்வார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருசம் அக்கா. உரம் போட்ட துண்டும் போடாத துண்டும் ஒரே நிறை. வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். எங்க பிழைச்சதெண்டே விளங்கேல்லை."

எங்கே தவறு நடந்தது என்று காளியாயிக்குத் தெரியும். தோட்டத்தில் கொழுந்து குறைந்தவளுக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அதனால் தராசுக்குப் போகிற வழியிலேயே மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் கூடையில் அள்ளிப் போட்டுச் சரிக்கட்டிவிடுவார்கள். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. படிச்ச மலையில் அரைப்பேர் இல்லை என்பது நால்வருக்கும் தெரியும். அள்ளுகிற கைக்குத்தான் தெரியவில்லை. நிலக்ஷி அரைக்கூடையோடு நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? இரண்டு வருடம் அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

சொன்னால் நான்கு பேருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம் போகும். பயமாகத்தான் இருந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்: "தப்பு செடியில இல்லீங்கய்யா. எங்க கையில."

முழுவதையும் கேட்டு முடித்தவர் பிரிக்காத பார்சலைத் தள்ளி வைத்தார். "நாலு பேருமாச் சேர்ந்து என்ர ஆராய்ச்சியை நாசமாக்கிப்போட்டியள்" என்றார்.

"ஆமாங்க. ஆனா ஒங்க ஆராய்ச்சியும் கோணதானே? நிலக்ஷிக்குக் கை மெதுவு, எனக்கு வேகம். கொழுந்து கொறஞ்சது ஒரத்தாலயா கையாலயான்னு எப்புடிப் பிரிப்பீங்க? ஒவ்வொரு எடுப்புக்கும் ஆள மாத்தி வுடுங்க. எல்லாரும் எல்லாத் துண்டுலயும் எடுக்கட்டும்."

விஜிதரன் பேனாவைத் தேடினார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு இதே பாடத்தை ஒரு தவணை முழுக்க நடத்தியிருந்தார்கள். மலைக்கு வந்ததும் மழையில் கரைந்துபோயிற்றுப் போலும். நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்து, மேலிடத்தில் கெஞ்சி, இன்னும் ஒரு வருடம் வாங்கிவிட்டார். நால்வரின் வேலையும் தப்பியது. நிபந்தனை ஒன்றுதான்: இனி யாரும் யாருக்கும் அள்ளிப் போடக்கூடாது.

இந்தத் திங்கட்கிழமை புது முறையில் முதல் நிறுவை. சீட்டுப் போட்டதில் பட்டினித் துண்டு காளியாயிக்கே விழுந்தது. முப்பது வருடத்தில் அவள் ஒருநாளும் குறைந்த கூடையோடு தராசுக்கு வந்தவள் இல்லை. "வெக்கக்கேடு" என்று முனகிக்கொண்டே வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து நிலக்ஷியின் கை, நிறைந்த கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிக்கொண்டு மெதுவாக நீண்டது. காளியாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையை முன்னால் இழுத்து, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.