அண்டாவும் நாலு விரல் கயிறும்

இரண்டு வருடத்துக்கு முன் ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணி மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடிக் கட்டிடத்தில் இது நடந்தது. என் புகுந்த வீட்டுக்குத் தொழில் சமையல். கல்யாணம், காதுகுத்து, அன்னதானம் எதுவானாலும் மாமனார், கணவர், அவருடைய அண்ணன், நான் என்று குடும்பமே அடுப்படியில் நிற்போம். கணவரின் அண்ணனை நான் பாவா என்று கூப்பிடுவேன்.

நான் மணவூர்ப் பெண். தினமும் ரயில் பிடித்துப் போய் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். முடித்தேன் என்பதைவிடத் தப்பித்தேன் என்பதே சரி. வெக்டர் வரும் பேப்பரில் அரியர் விழுந்து, மறுபடி எழுதித்தான் தேறினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு கேலிக்கு மட்டும்தான் பயன்பட்டது. "பிசிக்ஸ் படிச்ச கையி, அதான் ரசம் இப்டி மணக்குது" என்பார் பாவா. நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அன்று கீழே முற்றத்தில் சமையல், மேல்மாடியில் பந்தி. படிக்கட்டு முழுக்கக் காவடி எடுத்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாதக் கூடைகளை அவர்கள் தலைக்கு மேலே கை மாற்றி ஏற்றிவிட்டோம். கொதிக்கும் சாம்பாரை அப்படி ஏற்ற முடியுமா? அதனால் முற்றத்துக்கு நேர் மேலே இருந்த இரும்பு கர்டரில், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டினார் பாவா. அண்டாவின் இரண்டு காதுகளிலும் கயிற்றைக் கட்டி, அதன் நடுவில் கொக்கியை மாட்டித் தூக்குவது ஏற்பாடு.

காலி அண்டாவைத் தூக்கிப் பார்த்தபோது அது மேல்மாடித் தரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. கர்டர் அவ்வளவு தாழ்வு. உடனே பாவா கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினார். சாம்பாரும் நிறைந்தது. நூறு கிலோவுக்குக் குறையாது. அண்டா சுவரில் இடிக்காமல் தனியாக ஒரு கயிற்றைப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று என் கணவர் அதை ஒட்டியே போய் நின்றார்.

பாவா செயினை இழுக்க, அண்டா ஒரு சாண் எழும்பியபோதுதான் கவனித்தேன். அண்டா வாய்க்கு மேல் கயிறு நாலு விரல் உயரம்தான் இருந்தது. ஏறக்குறையப் படுத்த மாதிரி. வெக்டரில் முதல் பாடமே அதுதானே. எவ்வளவு விசை என்பது மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்பதும் வேண்டும். அப்படிப் படுத்த கயிறு அண்டாவை மேலே தூக்குவதைவிட, இரண்டு காதுகளையும் உள்பக்கமாகப் பிடித்து இழுக்கும். மனசுக்குள் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். கொக்கியிலிருந்து காதுக்குப் போகும் ஒவ்வொரு கயிற்றிலும் அண்டாவின் எடையைப்போல இரண்டரை மடங்கு வந்தது.

ஆனால் வாய் வரவில்லை. கணக்கு தப்பாக இருந்தால்? அரியர் வைத்த பேப்பர் அல்லவா! அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. படையல் முடியும்வரை அண்டாவில் கரண்டி படக்கூடாது, அண்டா எழும்பும்போது 'இல்லை', 'வேண்டாம்' என்ற பேச்சே வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடுமாம். அண்டா என் கணவரின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அவர் தலைக்கு மேல்.

"வேணாம்! எறக்குங்க பாவா, வேணாம்!" என்று கத்திவிட்டேன்.

அண்டா இறங்கியது. பாவாவின் முகம் அடுப்பைவிடச் சூடாக இருந்தது. "இன்னாமா நீ, நல்ல நாள் அதுவுமா? பசியோட ஜனம் குந்திகினு கீது!" என்றார்.

அவருக்கு அம்புக்குறி வரைந்து காட்டியா புரியவைக்க முடியும்? ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பி, கயிற்றின் நடுவில் கட்டினேன். ஒரு முனையைப் பாவாவிடமும், இன்னொன்றை எங்கள் குழுவிலேயே பலசாலியான, பந்தி பரிமாறும் ஆளிடமும் கொடுத்தேன். "குடம் தொங்கட்டும் பாவா. கயிறு வளையாம நேரா நிக்கற மாதிரி இழுங்க பார்ப்போம்" என்றேன்.

ஒற்றைக் குடம்தானே என்று சிரித்தபடி இழுத்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பின்னால் சாய்ந்து, காலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தும் கயிறு நடுவில் தொய்ந்தே நின்றது. படிக்கட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "கயிறு படுக்கப் படுக்க இழுப்பு ஏறும் பாவா, அண்டா காதுக்கும் இதே கதிதான்" என்றேன்.

பாவா கயிற்றைக் கீழே போட்டார். அண்டாவிடம் போய்க் காதைத் தடவினார். ஒரு காது உள்பக்கமாகச் சாய்ந்து, அதைப் பிடித்திருந்த ஆணிகளில் ஒன்று தலை கழன்று போயிருந்தது. அவர் தன் தம்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தப் பட்டமளிப்பு விழாவும் எனக்குத் தந்ததில்லை.

வேறு அண்டாவுக்கு சாம்பாரை மாற்றி, கயிற்றை நீளமாக, கோபுரம் மாதிரி உயரமாகக் கட்டினோம். பழையபடி அது மேல்மாடித் தரைக்கு ஒரு முழம் கீழேயே நின்றது. ஆனால் அதன் வாய் கைக்கு எட்டியது. "மொதல் கரண்டி சாமி எலைக்குப் போவட்டும், அப்பறம் அங்கிருந்தே மொண்டு ஊத்துங்க" என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தினார் மாமனார். பந்தி கால் மணி தாமதம், அவ்வளவுதான். சோற்றுக்குப் பஞ்சமும் வரவில்லை. என் கணவர் மட்டும் அன்று முழுக்க எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பாவா இப்போதும் கேலி செய்வார்தான். ஆனால் எந்த வேலைக்குப் போனாலும், பாரம் ஏற்றும் முன் செயினில் கை வைத்துக்கொண்டு, "கயிறு பாத்துட்டியாமா? ஏத்தலாமா?" என்று கேட்காமல் இழுப்பதில்லை. நான் "ஆங், ஏத்துங்க" என்று சொல்லும்வரை அத்தனை பேரும் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அண்டா எழும்பும்போது 'வேணாம்' என்று சொல்ல இன்றைக்கும் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. இரண்டு தடவை எழுதித் தேறிய அந்தப் பேப்பர்தான் அதை எனக்கு வாங்கித் தந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்கிறது.