உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம்

ஆங்கிலத்தில் ஒரு சொல் எனக்கு இன்றும் வாயில் வராது. 'மைசெல்ப்'. ஒரு காலத்தில் அதை வாயிலிருந்து இறக்காமல் திரிந்தவள் நான்.

யுத்தம் முடிந்த பிறகு வாப்பா மன்னாருக்குத் திரும்பிப் போய், எங்கள் பழைய வளவில் காடு வெட்டிக் குடிசை போட்டுக்கொண்டார். அங்கே ஒரு கல்வீடு எழுப்பத்தான் உம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். நான், யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து வந்திருந்த தில்லையடியிலேயே உம்மாவின் தங்கை சாச்சியோடு தங்கிப் படித்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் உம்மாவின் அழைப்பு வரும்.

தரம் ஏழில் அந்தப் பாடம் வந்தது. ஒரு காரியத்தைச் செய்கிற ஆளும் அதைப் படுகிற ஆளும் ஒருவரே என்றால் மைசெல்ப், ஹெர்செல்ப் என்று போட வேண்டும் என்றார் டீச்சர். கண்ணாடியில் உன்னை நீயே பார்த்தால், கத்தியால் உன்னை நீயே வெட்டிக்கொண்டால். புதுச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் நான் தலை சீவியதும் மைசெல்ப், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டியதும் மைசெல்ப். சாச்சி பொறுத்துப் பார்த்தாள்.

"அந்த செல்ப்பக் கொஞ்சம் இறக்கி வச்சிட்டுச் சாப்பிடு புள்ள," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை உம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. உடம்பில் கொஞ்சம் சுட்டுவிட்டதாம். வீட்டுக்கார மேடம் மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாளாம்.

"நேர்ஸ் இங்கிலீசிலதான் கேப்பாவாம். மேடமும் பக்கத்தில நிப்பா. எப்பிடிச் சுட்டது என்டு கேட்டா என்ன சொல்ற, மகள்?"

நோவுதா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உம்மாவுக்கே படிப்பிக்கக் கிடைத்த சந்தோஷத்தில் டீச்சரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டேன்.

"அவ சுட்டா என்டா, ஷி பேர்ன்ட் மீ. நீங்களே சுட்டுக்கிட்டா, ஐ பேர்ன்ட் மைசெல்ப். உங்களுக்கு எது வேணும்?"

உம்மா முதல் வசனத்தை ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள்.

"மத்தத சொல்லித் தாங்க," என்றாள்.

அவளுக்கு அது இலேசில் வரவில்லை. நான் விடவில்லை. பிழை பிழையாகச் சொன்னவளைத் திருத்தித் திருத்தி, சரியாக வரும்வரை சொல்ல வைத்தேன். கஷ்டமான வசனத்தை எனக்காகவே கேட்டு வாங்கினாள் என்று அன்றெல்லாம் பெருமையில் மிதந்தேன்.

உம்மா அடுத்த வருடம் திரும்பி வந்தாள். வந்து பல நாள் கிணற்றடியில் குளிக்க யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. ஒருநாள் மட்டும் முதுகுக்குச் சவர்க்காரம் போட என்னைக் கூப்பிட்டாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே இஸ்திரிப் பெட்டியின் அச்சு, கூர் முனையோடு அப்படியே பதிந்திருந்தது. இது எப்படி என்று கேட்டேன். உம்மா திரும்பாமலே அந்த ஆங்கில வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

நான் படிப்பித்ததை உம்மா மறக்கவில்லை என்று சாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சாச்சி கைவேலையைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். இன்று நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது, அழுகையும் வருகிறது. அந்த இடத்துக்கு உம்மாவின் கை எட்டாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.